ஒன்பதாம் கேடயம்

அத்தியாயம் 11

அன்று காலை பத்து மணிக்கு ஆஷன்ரீட் கிராமத்துக் கோயிலில் இருந்தவர்கள் ஆறு பேர். அந்தஸ்துப்படி வரிசையாகச் சொல்வதுதான் முறை. முதலில், கோட்டையின் தலைவர் பிரபு ஒட்டோகார் ஃபான் ஆஷன்ரீட், வயது எழுபத்தொன்பது. அவருடைய தங்கை வால்புர்கா, எழுபத்து நான்கு, திருமணம் ஆகாதவர். பங்குத் தந்தை எம்மெரிக் லோட்ஸ். பாம்பெர்க்கிலிருந்து வந்திருந்த இன்ஸ்பெக்டர் ஹெட்விக் ப்ராம். அவருடைய உதவியாளன் ஸெப் கெர்னர், நாற்பது வயது, சற்றே தொந்தி. கடைசியாகத் தச்சன் யோர்க் டாவ்பர். கோயிலுக்குள் விலங்கு தெரியக்கூடாது என்று ஃபாதர் கேட்டுக்கொண்டதால், அவன் கைகளின்மேல் ஒரு சாக்குத் துணி போர்த்தப்பட்டிருந்தது.

ஏழாவதாக ஒருவர் அங்கே இருந்திருக்க வேண்டும். கோயிலைப் பராமரிக்கும் கோயில்பிள்ளை காஸ்பர் நூஸல். நான்கு நாட்களுக்கு முன் இதே கல்தரையில், இதே சுவருக்குக் கீழே, மண்டை உடைந்து செத்துக் கிடந்தார்.

ஐவர் கீழே நின்றார்கள். வால்புர்கா மட்டும் மேலே, பிரபு குடும்பத்துக்கென்றே சுவரில் கட்டிய மர மாடத்தில், தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோட்டையிலிருந்து அந்த மாடத்துக்கு மூடிய நடைபாதை ஒன்று உண்டு. ஆஷன்ரீட் குடும்பத்தார் ஊர் மக்களோடு கீழே உட்கார்ந்து பூசை கண்டதில்லை. அதனால் ஒட்டோகார் இப்போதும் உட்காரவில்லை. கைத்தடியை முன்னால் ஊன்றி நிமிர்ந்து நின்றார்.

மாடத்தின் விளிம்பிலிருந்து பீடம் வரைக்கும் சுவரில் இருபத்திரண்டு கேடயங்கள் தொங்கின. குடும்பத்தில் ஒரு தலைவர் இறந்தால் அவர் பெயரில் ஒரு சாவுக் கேடயம் செதுக்கி மாட்டுவது வழக்கம். ஒவ்வொன்றிலும் புடைத்து நிற்கும் காட்டுப்பன்றித் தலை, சுற்றிலும் தங்க முலாம் பூசிய விளிம்பு.

ஸெப் அண்ணாந்து பார்த்தபடி சட்டைப்பையிலிருந்து வறுத்த கஷ்கொட்டை ஒன்றை எடுத்து உரித்தான்.

"மேடம், இந்தக் குடும்பத்துல செத்தவங்களுக்கே ஆளுக்கொரு ஆணி அடிச்சு வச்சிருக்காங்க. எங்க வீட்ல உசிரோட இருக்கிறவன் சட்டை மாட்ட ஆணி கிடையாது."

"கோயிலுக்குள்ள தின்னாதீங்க" என்றார் ஒட்டோகார்.

"மன்னிக்கணும் பிரபு. காலையில கோட்டைப் பக்கம் வந்தேன், ஒரு காப்பி கிடைக்குமான்னு. வாசலுக்குக் கதவே இல்ல. எதைத் தட்டுறதுன்னு தெரியாம திரும்பிட்டேன்."

"ஆயிரத்து நானூற்று அறுபத்திரண்டிலிருந்து கதவு கிடையாது."

"திருடன் வந்தா?"

ஒட்டோகார் பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். ஃபாதர்தான் மெல்லிய குரலில் சொன்னார். "முற்றுகை நடந்தப்போ ஊர்க்காரங்க கோட்டைக்குள்ள அடைக்கலம் இருந்தாங்க. ரொட்டி தீர்ந்துபோச்சு. பிரபு டீத்தர் பட்டினியா இருக்கிறதைப் பார்த்து, அறுபத்தொரு பேர் அவங்களாவே பனியில வெளியே நடந்தாங்க. யாரும் திரும்பல. அவங்க என்னைக்காவது திரும்பி வந்தா வாசல் திறந்திருக்கணும்னு கதவைக் கழற்றி எரிச்சுட்டாங்க. வருஷா வருஷம் மார்ட்டின் திருநாளுக்கு அந்த வாசல்ல நின்னு அறுபத்தொரு பேரையும் வாசிப்போம்."

"முதல் பேரு எங்க பேரு. டாவ்பர். புருஷன், பொண்டாட்டி, நாலு புள்ளைங்க" என்றான் தச்சன். வந்ததிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

ஒட்டோகார் அவனைப் பார்க்கவில்லை. நான்கு நாட்களாக அவர் மனத்தில் இருந்தது ஒரே ஒரு பொருள்: ஒரு ஜோடி கறுப்புக் கம்பளிக் கையுறை. காஸ்பர் இறந்த மாலை வால்புர்கா நடைபாதை வழியாக வந்து அவற்றை உணவு மேசைமேல் கழற்றி வைத்துவிட்டு, ஒரு சொல் பேசாமல் தன் அறைக்குப் போனார். இரண்டின் விரல்களிலும் தங்கத் தூள் ஒட்டியிருந்தது. கோயில் மணி அகாலத்தில் அடித்தது அதற்குப் பிறகுதான். ஒட்டோகார் கையுறைகளை எடுத்து ஓடு பதித்த அடுப்பில் போட்டு, முழுவதும் எரியும்வரை நின்று பார்த்தார். தங்கையிடம் எதையும் கேட்கவில்லை. மறுநாள் இருவரும் சூப் குடித்தார்கள். அடுத்த நாள் தச்சனைப் பிடித்துப் போனார்கள். அந்தச் செய்தி வால்புர்காவின் காதுக்குப் போகக்கூடாது என்று வேலைக்காரிக்கு உத்தரவு போட்டார்.

ஒரு தச்சன் சிறைக்குப் போவது கொடுமைதான். ஆனால் ஆஷன்ரீட் குடும்பத்துப் பெண் ஒருத்தி கொலைக் கூண்டில் நிற்பது நடக்கவே கூடாத ஒன்று. அவர் முடிவு செய்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் ப்ராம் சளிபிடித்த மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"உள்ளூர்க் காவலர் எழுதினது இது. ஏணி யோர்க்கோடது. காஸ்பர் கல்லறைத் திருநாளுக்காகக் கேடயங்களைத் தூசி தட்டிக்கிட்டிருந்தார். திருநாள் வாரத்துல கோயிலுக்குள்ள ஆணி அடிக்கக்கூடாதுன்னு அவர் யோர்க்கைத் தடுத்ததுல ரெண்டு பேருக்கும் சண்டை. 'உன் மண்டையை உடைக்கிறேன்'னு யோர்க் கத்தினதை எட்டுப் பேர் கேட்டிருக்காங்க. செத்தவர் பக்கத்துல மரச் சுத்தியல். ஏணி விழாம நின்னுக்கிட்டிருந்துச்சு. அதனால அவர் தவறி விழல, அடிச்சுத்தான் போட்டிருக்காங்கன்னு முடிவு."

"அடிச்சிருந்தா சுத்தியலை அங்கேயே விட்டுட்டா போவேன்?" என்றான் யோர்க். "அது எங்க அப்பா சுத்தியல்."

"அதே கேள்விதான் எனக்கும்" என்றார் ப்ராம். "ஸெப், கையில என்ன இருந்துச்சு?"

"என் கையிலயா மேடம்? கஷ்கொட்டை."

"செத்தவர் கையில."

ஸெப் ஒரு சின்ன உறையைப் பிரித்தான். கட்டைவிரல் நகம் அளவு மரச் சில்லு. ஒரு பக்கம் தங்க முலாம்.

"டாக்டர் இதை 'மஞ்சள் மரத்துண்டு'ன்னு எழுதிட்டு அடுத்த வரிக்குப் போயிட்டார்" என்றார் ப்ராம். "நான் இதைத் தூக்கிக்கிட்டு இருபத்திரண்டு கேடயத்தையும் பார்த்தேன். ஒன்பதாவது. விளிம்புல சில்லு பேர்ந்திருக்கு, இது அப்படியே பொருந்துது."

எல்லோரும் ஒன்பதாவதைப் பார்த்தார்கள். பழைய எட்டுக் கேடயங்களும் பீடத்தின் பக்கம் இருந்தன. ஒன்பதாவது மட்டும் பிற்காலத்தில் இடம் மாற்றப்பட்டு, மாடத்தின் விளிம்பை ஒட்டித் தொங்கியது. கீழே தேய்ந்த எழுத்துகள்: டீத்தர், 1462.

"விழும்போது அவர் கையில அந்தக் கேடயம் இருந்திருக்கு" என்றார் ப்ராம். "அப்படின்னா அது ஆணியில இல்ல. ஆனா காவலர் வந்தப்போ ஆணியில இருந்துச்சு. யாரோ திரும்ப மாட்டியிருக்காங்க. யோர்க், ஏணியில ஏறுங்க. ஸெப், அந்தச் சாக்கை எடு."

சாக்கு விலகியது. விலங்கு மணியோசை போல ஒலித்தது. மேலே நாற்காலி கிறீச்சிட்டது.

"அது எதுக்கு?" வால்புர்காவின் குரல். "அண்ணா, யோர்க் கையில அது எதுக்கு?"

"பேசாம உட்காரு" என்றார் ஒட்டோகார், தலையைத் திருப்பாமல்.

ஸெப் விலங்கைத் திறந்துவிட்டான். யோர்க் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு ஏணியில் ஏறினான். ஏணி பதினோராவது கேடயத்துக்குக் கீழே, முன்பிருந்த அதே இடத்தில் நின்றது. அவன் கையை நீட்டினான். ஒன்பதாவதற்கும் அவன் விரலுக்கும் இடையில் ஒரு ஆள் உயரத்துக்கு மேல் இடைவெளி.

"எட்டல."

"ஏணியை நகர்த்தி மாட்டியிருக்கலாமே" என்றார் ஃபாதர்.

"திருநாளுக்காகத் தரைக்குத் தேன்மெழுகு பூசியிருக்கீங்க ஃபாதர். ஏணிக் கால் வச்ச தடம் ரெண்டே ரெண்டு. நகர்த்தவே இல்ல." ப்ராம் மாடத்தைக் காட்டினார். "அங்கிருந்து மட்டுந்தான் எட்டும். அந்த மாடத்துச் சாவி மூணு பேர்கிட்ட இருக்கு. ஃபாதர் அன்னைக்கு மத்தியானம் முழுக்கப் பண்ணையில, நோயாளி படுக்கைப் பக்கத்துல. ஆறு பேர் சாட்சி. மிச்சம் ரெண்டு."

யோர்க் ஏணியிலிருந்து இறங்கினான்.

"இன்னொண்ணு" என்று தொடர்ந்தார் ப்ராம். "விழுந்த பிறகு காஸ்பர் அரைமணி நேரமாவது உயிரோட இருந்திருக்கார்னு டாக்டர் சொல்றார். ஒரு மனுஷன் கீழே முனகிக்கிட்டுக் கிடக்கான். மேலே இருந்தவங்க கையில ஒரு மரக் கேடயம். வெளியாளா இருந்தா அதைக் கீழே போட்டுட்டு ஓடியிருப்பான். நல்லவனா இருந்தா கீழே போட்டுட்டு உதவிக்கு ஓடியிருப்பான். இவங்க அதை ஒழுங்கா மாட்டியிருக்காங்க. ஆஷன்ரீட் கேடயம் தரையைத் தொடக்கூடாதுன்னு பிறந்ததிலிருந்து சொல்லி வளர்த்தவங்க கைதான் அப்படிச் செய்யும்."

ஒட்டோகார் கைத்தடியைத் தரையில் ஒருமுறை தட்டினார்.

"போதும். நான்தான் செஞ்சேன்."

"அண்ணா!"

"பேசாதேன்னு சொன்னேன்." அவர் குரல் உயரவே இல்லை. "காஸ்பரை நான்தான் மாடத்துக்குக் கூப்பிட்டேன். வாய்த் தகராறு. கேடயத்தைப் பிடுங்கினேன், அவன் விழுந்தான். இறக்கணும்னு நினைக்கல. எழுதிக்கோங்க. இந்தத் தச்சனை அனுப்பிடுங்க."

நாற்பது ஆண்டுகள் இராணுவத்திலும் மாவட்ட மன்றத்திலும் பேசிய குரல் அது. அதை மறுத்துப் பேசியவர்கள் குறைவு. தன் பெயர் போகட்டும், குடும்பத் தலைவன் பழி ஏற்பது குடும்பத்துக்குப் பழியல்ல என்று அவர் கணக்கிட்டிருந்தார். எப்படியும் அவரோடு ஆண் வாரிசு முடிகிறது. இருபத்துமூன்றாவது கேடயம், அவருடையது, ஏற்கனவே செதுக்கி முடித்துக் கோட்டையில் சுவரைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது.

ப்ராம் அவரைக் கூர்ந்து பார்த்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"எப்படி மாட்டினீங்க?"

"என்ன கேள்வி இது? ஆணியில மாட்டினேன்."

"நேராவா?"

"வேற எப்படி மாட்டுவாங்க?"

ப்ராம் பெருமூச்சு விட்டார். "யோர்க், ஏணியை நகர்த்தி அதைக் கழற்றிக் கொண்டாங்க. லிண்டன் மரந்தான், பார்க்கத்தான் பெரிசு, எடை இருக்காது."

கேடயம் இறங்கி வந்தது. ஸெப் அதைத் தன் தொந்திமேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டான்.

"மேலே ஒரு வளையம். சரி. கீழேயும் ஒரு வளையம் இருக்கே. எதுக்கு?"

"பிரபுக்கள் தலைமாடு கால்மாடு மாத்திப் படுக்கிறதுக்கா மேடம்?" என்றான் ஸெப்.

"நீ தெரியாம சரியாத்தான் சொல்ற. இந்தப் பக்கத்து வழக்கம் ஒண்ணு இருக்கு. ஒரு வம்சத்துல கடைசி ஆண் செத்தா அவன் கேடயத்தை மட்டும் தலைகீழா மாட்டணும். குலம் முடிஞ்சதுன்னு அர்த்தம். இப்போ அந்தப் பன்றியைப் பார். மத்த இருபத்தொண்ணுக்கும் கரி எங்க இருக்கு?"

ஸெப் ஒருமுறை சுவரையும் ஒருமுறை கையிலிருந்த கேடயத்தையும் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லக் குறைந்தது. "தாடைக்கு அடியில. மெழுகுவத்திப் புகை மேல போகுமில்ல, அடிப்பக்கமா ஒட்டும். இதுக்கு... தாடையிலயும் இருக்கு, நெத்தியிலயும் இருக்கு. இந்தப் பன்னி மட்டும் சாம்பல் புதனுக்கு நெத்தியில சாம்பல் பூசிக்கத் தவறாம கோயிலுக்கு வந்திருக்கு மேடம்."

"கேடயங்களைக் கழுவுற வழக்கம் இல்ல, இறகால தூசி தட்டுறது மட்டுந்தான். அதனால அழியல. நெத்தியில அவ்வளவு கரி ஏறணும்னா இருநூறு வருஷமாவது தலைகீழா தொங்கியிருக்கணும். அதாவது ஆஷன்ரீட் வம்சம் டீத்தரோட முடிஞ்சுபோச்சு. பத்தாவதிலிருந்து இருக்கிறவங்க வேற யாரோ."

ஃபாதர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

ஒட்டோகாரின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அவருக்கு அது புதிதல்ல. அவருடைய தந்தை சாகும் முன், அறைக் கதவைத் தாழிட்டுவிட்டு, இருபத்திரண்டு வயது மகனிடம் சொன்ன விஷயம் அது. அவர் தந்தைக்கு அவருடைய தந்தை சொன்னது. மூத்த ஆண் ஒருவனுக்கு மட்டும் சொல்வது. அதைக் கேட்ட நாளிலிருந்துதான் ஒட்டோகார் இவ்வளவு நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தார். இப்போது அதை ஒரு போலீஸ்காரி கோயில் நடுவில், தச்சன் முன்னால் சொல்லிவிட்டாள்.

"அதைத்தான் காஸ்பர் கண்டுபிடிச்சான்" என்றார் வறண்ட குரலில். "ஊர்ல சொல்லப்போறேன்னான். அதனாலதான் தகராறு. போதுமா?"

"போதல. கீழ் வளையத்தைப் பாருங்க. துரு புதுசா தேய்ஞ்சு பளபளன்னு இருக்கு. இந்த வாரம் இது கீழ் வளையத்துல தொங்கியிருக்கு. ஃபாதர், நீங்க அன்னைக்குச் சாயங்காலம் முதல்ல வந்து என்ன பார்த்தீங்க?"

பாதிரியார் ஸெப்பின் கையிலிருந்த கேடயத்தைப் பார்த்தார்.

"தலைகீழா இருந்துச்சு. காஸ்பர் கீழே கிடந்தார், உயிர் இல்ல. அண்ணாந்து பார்த்தேன், டீத்தர் கேடயம் தலைகீழா. யாரோ பிரபு குடும்பத்தை அவமானப்படுத்திட்டாங்கன்னு நினைச்சேன். ஊரே ஓடி வந்துடுமே, எல்லாரும் பார்ப்பாங்களேன்னு, மாடத்துக்குப் போய் நேரா மாட்டிட்டு, அப்புறந்தான் மணி அடிச்சேன்." அவர் ஒட்டோகாரைப் பார்த்தார், மன்னிப்புக் கேட்பவர் போல. "முதல்ல அதைச் செஞ்சேன் பிரபு. அவர் கண்ணை மூடிவிட்டது அதுக்கப்புறந்தான்."

ஸெப் கேடயத்தைக் கீழே வைக்கப் போனான். யோர்க், ஃபாதர், ஒட்டோகார் மூவரின் கைகளும் ஒரே நேரத்தில் அதைத் தாங்க நீண்டன. ஸெப் திகைத்து அதை மறுபடி மார்போடு தூக்கிக்கொண்டான்.

"இந்த ஊர்ல விழுறதா இருந்தா மரக் கேடயமா விழணும் மேடம்" என்றான். இந்த முறை அவன் சிரிக்கவில்லை. "மூணு பேர் ஓடி வந்து பிடிக்கிறாங்க."

"நேரா மாட்டினேன்னு சொல்றவர் அங்க இல்லவே இல்ல" என்றார் ப்ராம் மெதுவாக. "மாட்டினவங்களுக்குத் தெரியும், அது எப்படித் தொங்கணும்னு."

மாடத்தில் வால்புர்கா எழுந்து நின்றார். மரக் கைப்பிடி அவர் இடுப்புக்கும் கீழேதான் இருந்தது. இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டார். கையுறை இல்லாத கைகள்.

"எழுபது வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்து அந்தப் பன்றியைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். நெத்தியில கரி எப்படி வந்துச்சுன்னு பத்து வயசுல அப்பாகிட்ட கேட்டேன். அறைஞ்சார். அப்பவே புரிஞ்சுபோச்சு, ஏதோ இருக்குன்னு. மிச்சத்தைக் கோட்டைப் பத்திரங்கள்ல படிச்சுக்கிட்டேன். டீத்தர் யாருக்காகவும் பட்டினி கிடக்கல. தின்ன வாய் அதிகம்னு அறுபத்தொரு பேரை ஈட்டியால குத்தி வெளியே துரத்தினான். அவன் சொன்னதும் கதவைச் சாத்தினவன் வாசல்காவலன் ரூப்ரெக்ட். மூணு நாள் வெளியே இருந்து கதவைத் தட்டுற சத்தம் கேட்டுச்சாம். அப்புறம் காய்ச்சல்ல டீத்தரும் பிள்ளைங்களும் போனாங்க. ரூப்ரெக்ட் எதிரிக்குக் கதவைத் திறந்துவிட்டான். பரிசா கோட்டையும் பேரும் அவனுக்கு. நம்ம கொள்ளுத்தாத்தாக்கெல்லாம் தாத்தா அவன்தான் அண்ணா. கதவைக் கழற்றி எரிச்சதும் அவனேதான். தட்டுற சத்தம் அவன் காதுல நிக்கவே இல்லயாம்."

ஒட்டோகார் மாடத்தை நிமிர்ந்து பார்த்தார். தந்தை அவரிடம் சொன்னதில் அந்தக் கடைசி வரி இருக்கவில்லை.

"நீ செத்தா உன் கேடயத்தைத் தலைகீழா மாட்டி, பொய்யா ஒரு குலத்தை முடிச்சு வைப்பாங்க. அதுக்கு முன்னாடி நிஜமா முடிஞ்சதைத் திருப்பி வைக்கணும்னு தோணிச்சு. காஸ்பரை இங்க மாடத்துக்குக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன், திருப்பிடுன்னேன்." குரல் முதன்முதலாக உடைந்தது. "அவன் மாட்டேன்னுட்டான். ஊருக்குச் சொல்றதா! அவனா! கேடயத்தைக் கழற்றிக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான். 'எங்க அப்பன் பாட்டன் தூசி தட்டின கேடயம் சீமாட்டி, நான் இருக்கிறவரைக்கும் இது தலைகீழா தொங்காது'ன்னான். நான் பிடுங்கினேன். அவன் விடல. நானும் விடல. விளிம்பு உடைஞ்சுது, அவன் கைப்பிடியைத் தாண்டி விழுந்தான்."

"அவர் விழுந்த பிறகு?" என்று கேட்டார் ப்ராம்.

"முனகல் கேட்டுச்சு. கேடயம் என் கையில இருந்துச்சு. அதை மாட்டினேன். கீழ் வளையம் ஆணியில சிக்க நேரம் ஆச்சு. மாட்டிட்டு எட்டிப் பார்த்தேன். முனகல் இல்ல. செத்துட்டான்னு நினைச்சேன்." அவர் ப்ராமைப் பார்த்தார். "அரைமணி நேரமா சொன்னீங்க?"

ப்ராம் தலையசைத்தார்.

வால்புர்கா கைப்பிடியை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "நீ கேட்பேன்னு கையுறையை மேசைமேல வச்சேன் அண்ணா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ கேட்கல. யோர்க்கைப் பிடிச்சதையும் சொல்லல."

கையுறை எரிந்தபோது வந்த கம்பளி வாடை ஒட்டோகாரின் மூக்கில் ஏறியது. கதவைச் சாத்தியவனின் வம்சம் நாம் என்று தந்தை சொன்ன நாளிலிருந்து, ஐம்பத்தேழு ஆண்டுகள், அதைப் பொய்யாக்குவதற்காகவே அவர் நேர்மையாக வாழ்ந்திருந்தார். கடைசியில் ஒரு டாவ்பரை வெளியே தள்ளிச் சாத்த நான்கு நாட்கள்கூட ஆகவில்லை.

அவர் தச்சன் பக்கம் திரும்பினார். வாழ்நாளில் முதல்முறையாகத் தொப்பியைக் கழற்றினார்.

"யோர்க் டாவ்பர். நீ செய்யலன்னு எனக்கு முதல் நாளே தெரியும். தெரிஞ்சுதான் விட்டேன்."

யோர்க் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றான். மன்னித்ததாகச் சொல்லவில்லை. திட்டவும் இல்லை.

"ஏணி உன்னோடது. அந்தக் கேடயத்தை மாட்டு."

"கீழ் வளையத்துலயா?"

"ஆமாம்."

அவன் 'பிரபு' என்று சொல்லவில்லை. ஒட்டோகார் அதைக் கவனித்தார், ஏற்றுக்கொண்டார். யோர்க் ஸெப்பிடமிருந்து கேடயத்தை வாங்கி மேலே ஏறினான். பன்றித் தலை கவிழ்ந்தது. நெற்றிக் கரி இருக்கவேண்டிய பக்கத்துக்கு, அடிப்பக்கத்துக்கு வந்து சேர்ந்தது.

"கூட்டிக்கிட்டுப் போகலாமா?" என்று ப்ராம் கேட்டார்.

"அவளுக்கு முட்டிவலி. படியில கை கொடுங்க" என்றார் ஒட்டோகார்.

ஸெப் கஷ்கொட்டைத் தோல்களைச் சத்தமில்லாமல் பையில் போட்டுக்கொண்டு மாடத்துக்குப் போனான். கிழவிக்குத் தன் முழங்கையை நீட்டினான். அவன் எதுவும் சொல்லவில்லை. அந்த வழக்கு முழுவதிலும் அவன் எதுவும் சொல்லாதிருந்த ஒரே சந்தர்ப்பம் அது என்று ப்ராம் பிறகு சொல்வதுண்டு.

மாலைக்குள் ஊரில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. ரொட்டிக் கடையில் ஆரம்பித்து, மதுக்கடை வழியாக, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை போனது. தங்கையைக் காவல் வண்டியில் ஏற்றியதும் கிழவர் கோட்டைக்குள் போய் வாசல் கதவை இழுத்துச் சாத்தித் தாழிட்டுக்கொண்டாராம். மேலங்கி எடுக்க வந்த வால்புர்கா மழையில் நின்று தட்டியும் திறக்கவில்லையாம்.

அது பொய். மேலங்கியை எடுத்துக்கொண்டு மழையில் வண்டிவரை நடந்து வந்து, தங்கையின் தோளில் போர்த்திவிட்டவர் ஒட்டோகார்தான். ஆஷன்ரீட் கோட்டை வாசலுக்குக் கதவு கிடையாது.